ஆணியடிக்குமுன் சுவரை அறியுங்கள்: வாசகர் கேள்வி–பதில்

வீட்டுச் சுவரில் படங்களையும் இறாக்கைகளையும் பொருத்துவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டுள்ளேன். எல்லாக் கடிதங்களிலும் ஆணியின் நீளமும் தடிப்பும் எழுதப்பட்டிருந்தன. சுவர் எதனால் ஆனது என்பதைச் சிலரே எழுதியிருந்தார்கள். பாரத்தைத் தாங்குவது சுவர்தான் என்பதால், பதில்களில் சுவரைப் பற்றியே அதிகம் பேச வேண்டியுள்ளது.

கேள்வி: எங்களுடையது பாட்டனார் காலத்துச் சுண்ணாம்புக்கல் வீடு. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது அம்மா துணிமூட்டைக்குள் வைத்துக் கொண்டுபோன பூட்டனாரின் படத்துக்கு, அண்மையில் மூன்றடிக்கு இரண்டடி அளவில் மரச்சட்டமும் கண்ணாடியும் போட்டு முன்விறாந்தையில் மாட்டினோம். இரண்டு தடவையும் ஆணி சாந்தோடு பெயர்ந்து வந்துவிட்டது. இன்னும் நீளமான ஆணி அடித்தால் நிற்குமா? (ஒரு வாசகி, நல்லூர்)

பதில்: நீளமான ஆணி அடித்தாலும் அதே இடத்தில் நிற்காது. யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீடுகளின் சுவர்கள் வெளியிலிருந்து பார்க்கும்போது தடிப்பாகவும் உறுதியாகவும் தோன்றினாலும், பூச்சுக்கு உள்ளே ஒழுங்கற்ற வடிவமுடைய சுண்ணாம்புக்கற்களும் அவற்றுக்கு இடையே சுண்ணாம்புச் சாந்தும்தான் இருக்கின்றன. ஆணி கல்லில் பட்டால் வளைந்துவிடுகிறது. சாந்தில் பட்டால் சிரமமின்றி இறங்கிவிடுகிறது. இறங்கிய ஆணியைக் கண்டு வேலை முடிந்தது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பல பத்தாண்டுகள் கண்ட சாந்து பல வீடுகளில் விரலால் சுரண்டினாலே உதிரும் நிலைக்கு வந்திருக்கும். அது ஆணியைச் சில நாட்களுக்குத்தான் பிடித்து வைத்திருக்கும்.

முதலில் பாரத்தை அறிந்துகொள்ளுங்கள். ஒரு சதுர மீற்றர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் இரண்டரைக் கிலோ நிறையுடையது. உங்கள் அளவுக்கு 3 மில்லிமீற்றர் கண்ணாடி மட்டுமே நான்கு கிலோவுக்குச் சற்று அதிகமாக வரும்; மரச்சட்டத்தையும் பின்பலகையையும் சேர்த்தால் ஏழு கிலோ அளவில் நிற்கும். நிறை பார்க்கும் தராசில் நீங்கள் படத்தோடு ஒரு தடவையும் படமில்லாமல் ஒரு தடவையும் ஏறி நின்று கழித்துப் பார்த்தால் சரியான நிறை தெரிந்துவிடும்.

அடுத்து, படம் மறைக்கக்கூடிய பரப்புக்குள் ஓரிடத்தில் 4 மில்லிமீற்றர் கல் துளைக்கும் அலகைக் கொண்டு டிறிலால் மெதுவாகத் துளையுங்கள். அப்போது கையையும் கண்ணையும் அதிலேயே வைத்திருங்கள். பூச்சைத் தாண்டியதும் அலகு தயங்கி, வெண்மையான மென்தூள் சிறிது சிறிதாக வந்தால் நீங்கள் கல்லில் இருக்கிறீர்கள். அலகு வழுக்கிக்கொண்டு உள்ளே போய், மணல் கலந்த தூள் பொலபொலவென்று கொட்டினால் அது சாந்துப் பொருத்து; இரண்டு மூன்று அங்குலம் தள்ளி மீண்டும் பாருங்கள். முதல் துளையைப் படம் மறைத்துவிடும். கல் அகப்பட்டதும் அதே துளையை 8 மில்லிமீற்றருக்குப் பெருப்பித்து, தூளை முழுமையாக வெளியேற்றி, 8 மில்லிமீற்றர் நைலோன் றோல் பிளக்கை (திருகாணி உள்ளே முறுகும்போது விரிந்து துளையைப் பற்றிக்கொள்ளும் சிறு உறை) இறுக்கி, 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள திருகாணியை முறுக்குங்கள். நல்ல சுண்ணாம்புக்கல்லில் இப்படிப் பொருத்திய ஒரு திருகாணி ஏழு கிலோவைத் தயக்கமின்றித் தாங்கும். தூளை வெளியேற்ற சைக்கிள் பம்பின் குழாயைத் துளைக்குள் விட்டு நான்கு தடவை அடித்தால் போதும். தூள் தங்கிய துளையில் பிளக் கல்லைப் பற்றாமல் தூளையே பற்றிக்கொண்டு நிற்கும்.

எங்கு துளைத்தாலும் சாந்துதான் வருகிறது என்றால், பழைய மேசன்மாரும் தச்சர்மாரும் செய்த முறையே இன்றும் சிறந்தது. சாந்துப் பொருத்தில் இரண்டு அங்குலச் சதுரமாக, மூன்று அங்குல ஆழத்துக்கு உளியால் குடையுங்கள். குழியின் உட்பக்கம் வாயைவிட அகலமாக இருக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த முதிரைக் கட்டையொன்றை, ஒரு முனை பெருத்தும் மறுமுனை சிறுத்தும் இருக்குமாறு சீவி எடுத்துக்கொள்ளுங்கள். குழியில் தண்ணீர் தெளித்து, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் கலந்த சாந்தை நிரப்பி, கட்டையின் பெருத்த முனை உள்ளே போகும்படி அழுத்திப் பதியுங்கள். ஒரு வாரம் ஈரம் காயாமல் வைத்திருந்து, அதன்பின் கட்டையின் நடுவில் சிறு துளையிட்டுத் திருகாணியை முறுக்க வேண்டும். கட்டை வெளியே வர வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள சீமெந்து முழுவதும் உடைய வேண்டும். 1910களில் இங்கிலாந்தில் நார்ப் பிளக்கும், 1958இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆர்தூர் பிஷரின் நைலோன் பிளக்கும் வருவதற்கு முன்னர், சுவரில் பதித்த மரக்கட்டையை நம்பியே பொருள்கள் மாட்டப்பட்டன. உங்களுடையதைப் போன்ற வீடுகளில் அத்தகைய கட்டைகள் பூச்சுக்குள் மறைந்து கிடக்கவும் கூடும். சுவரை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் மட்டும் ஒலி மாறினால் அங்கே சற்றுச் சுரண்டிப் பாருங்கள்.

கம்பியைப் பற்றியும் ஒரு சொல். சட்டத்தின் பின்புறம் கம்பியைத் தொய்வின்றி நேராக இழுத்துக் கட்டினால் உறுதி கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. ஏழு கிலோப் படத்தின் கம்பி இருபுறமும் 45 பாகை சரிந்திருந்தால், ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ ஐந்து கிலோ இழுவையைத் தாங்கும். அதே கம்பி 10 பாகைதான் சரிந்திருந்தால், ஒவ்வொரு பக்கமும் இருபது கிலோவை இழுக்கும். இந்த இழுவை சட்டத்தில் திருகிய கொழுக்கிகளையும் கம்பியையும்தான் வருத்தும். சுவர் ஆணி அப்படியே இருக்க, சட்டத்தின் கொழுக்கி பிய்ந்து படம் விழுவது இதனால்தான். பெரிய படத்துக்குக் கம்பியே வேண்டாம்; சட்டத்தின் இரு பக்கங்களிலும் வளையங்களை இட்டு, சுவரில் இரண்டு திருகாணிகளில் மாட்டுவதே நான் விரும்பும் முறை. பாரம் பகிரப்படுவதோடு படமும் கோணாது.

இன்னொன்றையும் உங்களிடம் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் படத்தின் மூலப் பிரதியை விறாந்தையில் மாட்டாதீர்கள். வெயிலின் புறஊதாக் கதிர் படத்தை வெளுக்கச் செய்யும். மாரிகால ஈரம் அதனைக் கண்ணாடியோடு ஒட்டச் செய்யும். ஒட்டிய படத்தைக் கிழியாமல் பிரிப்பது மிகக் கடினம். ஸ்ரூடியோ ஒன்றில் நல்ல தரத்தில் பிரதியெடுத்து, அந்தப் பிரதியைச் சட்டத்தில் இடுங்கள். மூலத்தை அமிலமற்ற தாளில் சுற்றி, இருண்ட, உலர்ந்த அலுமாரித் தட்டில் வையுங்கள். ஆணி இன்னொன்று வாங்கலாம், கண்ணாடியும் வாங்கலாம். உங்கள் அம்மா மூட்டைக்குள் காத்துவந்த அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கிறது.

கேள்வி: புதிதாகக் கட்டிய எமது வீட்டின் சுவர் சீமெந்துக்கல்லால் ஆனது. பிள்ளைகளின் புத்தகங்களுக்காக நான்கடி நீளமான பலகையை இரண்டு இரும்புத் தாங்கிகளில் பொருத்தினோம். ஆறு மாதத்துக்குள் பலகை முன்பக்கம் சரிந்துவிட்டது. கீழ்த் திருகாணிகள் அசையாமல் இருக்க, மேல் திருகாணிகள் மட்டும் வெளியே வருவது ஏன்? (ஒரு வாசகர், கொக்குவில்)

பதில்: விடையின் பாதியை நீங்களே கண்டுவிட்டீர்கள். தாங்கியில் பாரம் ஏறும்போது அதன் கீழ்முனை சுவரை அழுத்துகிறது. மேல்முனை சுவரைவிட்டு விலக முயல்கிறது. ஆகவே கீழ்த் திருகாணிகளுக்குப் பெரிய வேலை இல்லை. பிடுங்கும் விசை முழுவதும் மேல் திருகாணிகளின் மீதே விழுகிறது.

அந்த விசையை நீங்களே கணக்கிடலாம். வழக்கமான அளவுடைய புத்தகங்கள் ஓரடி நீளத்துக்கு ஏழு கிலோ அளவில் நிறைகொள்ளும். நான்கடிக்கு 28 கிலோ. பாரத்தின் மையம் சுவரிலிருந்து 12 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது என்றும், மேல் திருகாணி தாங்கியின் கீழ்முனையிலிருந்து 12 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், பிடுங்கும் விசையும் 28 கிலோவாக வரும். அதே திருகாணி 24 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்திருந்தால் அது 14 கிலோவாகக் குறைந்திருக்கும். ஒரு கை நீண்டும் மறு கை குட்டையாகவும் உள்ள தாங்கியில் நீண்ட கையைச் சுவரோடு பொருத்த வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். பலகையை நன்றாகத் தாங்கட்டும் என்று நீண்ட கையைப் பலகைக்குக் கீழே கொடுத்துவிடும் பழக்கம் எங்கும் இருக்கிறது. உங்கள் தாங்கியும் அப்படிப் பொருத்தப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

இரண்டாவது காரணம், பிளக் பூச்சுக்குள் நின்றுவிட்டிருக்கலாம். சுவர்ப்பூச்சு அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை இருக்கும். 30 மில்லிமீற்றர் நீளமான பிளக்கைச் சுவரின் மேற்பரப்போடு சமமாக நிறுத்தினால் அதன் பாதி பூச்சில்தான் இருக்கும். பூச்சு விரிவு விசையைத் தாங்காமல் வெடித்துவிடும். பிளக் முழுவதும் கல்லுக்குள் இருக்குமாறு, பூச்சைத் தாண்டி அதனை உள்ளே தள்ள வேண்டும். எனவே திருகாணியின் நீளத்தைக் கடைக்காரரிடம் கேட்காமல் நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்: தாங்கியின் தடிப்பு 3, பூச்சு 15, பிளக் 40, அதற்கு மேல் 5 என்றால் 63 மில்லிமீற்றர், 65 மில்லிமீற்றர் திருகாணி வாங்க வேண்டும். துளை அதைவிடப் பத்து மில்லிமீற்றர் ஆழமாக இருக்கட்டும். அலகில் அந்த ஆழத்துக்கு ஒரு துண்டு ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டால் அளவு தவறாது.

மூன்றாவது காரணம் கல்லேயாகவும் இருக்கலாம், இதைத்தான் நான் கவலையோடு எழுதுகிறேன். வளவுகளில் அரியப்படும் கற்களில் சீமெந்தும் மணலும் சேரும் விகிதம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அரிந்த கல்லை நாள்தோறும் நனைத்துப் பதப்படுத்தாமல் வெயிலில் காயவிட்டுச் சுவரில் ஏற்றிவிடுவதும் நடக்கிறது. அத்தகைய கல் கட்டடப் பாரத்தைத் தாங்கினாலும் விரியும் பிளக்கைத் தாங்காமல் மாவாகிவிடும். ஆகவே சீமெந்துக்கல்லில் டிறிலின் சுத்தியல் அடியை நிறுத்திவிட்டுச் சுழற்சியால் மட்டுமே துளையுங்கள். சற்று நேரம் அதிகமாகும். ஆனால் துளை வட்டமாகவும் இறுக்கமாகவும் வரும். கல் உள்ளீடற்றதாக இருந்தால், அதாவது துளைக்கும்போது ஓரங்குலம் சென்றதும் அலகு திடீரென்று வெற்றிடத்துக்குள் விழுந்தால், வழக்கமான பிளக் பயன் தராது. முறுக்கும்போது உள்ளே முடிச்சுப்போல் திரண்டுகொள்ளும் நைலோன் பிளக்கையோ, உள்ளே சென்றதும் சிறகு விரித்து நிற்கும் வகையையோ கேட்டு வாங்குங்கள்.

நான்கடிப் பலகைக்கு இரண்டு தாங்கிகள் போதா. புத்தகப் பாரம் சீராகப் பரவியிருக்கும்போது, தாங்கிகளுக்கு இடையிலான தூரம் இரட்டித்தால் பலகையின் தொய்வு 16 மடங்காகிறது. நடுவில் மூன்றாவது தாங்கியை வைத்து, இடைவெளி இரண்டடிக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேப்பம் பலகையோ தேக்கோ இந்த இடைவெளியில் நேராக நிற்கும். சிப்போட் என்றால் இடைவெளியை ஒன்றரை அடியாகக் குறையுங்கள். இப்போது இளகியுள்ள துளைகளை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். அவற்றைச் சாந்தால் அடைத்துவிட்டு, குறைந்தது மூன்று அங்குலம் தள்ளிப் புதிய துளை இடுங்கள். சிறுவர்கள் இறாக்கையைப் பிடித்துத் தொங்குவார்கள் என்பதையும் கணக்கில் எடுத்து, கணக்கிட்ட விசையைப்போல் நான்கு மடங்கைத் தாங்கக்கூடிய பிளக்கைத் தெரிவுசெய்யுங்கள். பிளக் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் அளவு நல்ல கொங்கிறீற்றில் சோதித்த அளவு. உங்கள் கல்லுக்கு அது பொருந்தாது.

கேள்வி: சிறிய படங்களுக்குக் கொங்கிறீற் ஆணி அடிக்கும்போதெல்லாம் பூச்சு வட்டமாகப் பெயர்ந்து விழுகிறது. தவிர்க்க வழி உண்டா? (ஒரு வாசகர், சாவகச்சேரி)

பதில்: உண்டு. ஆணியைவிடச் சற்று மெல்லிய அலகால் முதலில் பூச்சை மட்டும் துளைத்துவிட்டு, அத்துளையில் ஆணியின் தலை சற்று மேலே இருக்கும்படி சரித்து, சிறு சுத்தியலால் பல சிறு அடிகளாக அடியுங்கள். உரத்த ஓரடி பூச்சைக் கல்லிலிருந்து பிரித்துவிடும். இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட எதற்கும் கொங்கிறீற் ஆணியை நான் பரிந்துரைப்பதில்லை. இவ்வாணி வளையாது, முறியும். முறிந்த துண்டு கண்ணை நோக்கி வரக்கூடும் என்பதால் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: வரவேற்பறையில் சுவிற்சுக்கு நேர்மேலே வெறுமையாக உள்ள இடத்தில் மணிக்கூட்டையும் ஒரு சிறு தட்டையும் பொருத்த விரும்புகிறோம். டிறில் செய்யலாமா? (ஒரு வாசகி, கோப்பாய்)

பதில்: அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சுவிற்சுக்கும் பிளக் பொயின்றுக்கும் செல்லும் வயர்கள் பெரும்பாலும் கூரைப் பக்கத்திலிருந்து நேர்கீழாக, பூச்சுக்குள் பதித்த குழாயில் இறங்குகின்றன. சில வீடுகளில் ஒரு பொயின்றிலிருந்து அடுத்த பொயின்றுக்குக் கிடையாகவும் செல்கின்றன. ஆகவே ஒவ்வொரு சுவிற்சுக்கும் பொயின்றுக்கும் நேர்மேல், நேர்கீழ், நேர்பக்கம் ஆகிய வழிகளில் இரு புறமும் அரையடி விட்டே துளையிட வேண்டும். சுவரின் மறுபக்கத்தையும் பாருங்கள். அடுத்த அறையின் சுவிற்சும் இதே சுவருக்குள்தான் இருக்கிறது. குளியலறைச் சுவரானால் தண்ணீர்க் குழாய் செல்லும் வழியையும் கேட்டறியுங்கள்.

எமது மின்வழங்கல் 230 வோல்ற்று. 30 மில்லி அம்பியர் ட்றிப் சுவிற்ச் வேலைசெய்கிறதா என்பதை, அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வயரின் வழி பற்றிச் சிறிது ஐயம் இருந்தாலும் அந்த அறையின் மின்சுற்றை நிறுத்திவிட்டு, மின்கலத்தில் இயங்கும் டிறிலால் வேலை செய்யுங்கள். வீடு கட்டுவோர், பூச்சு வேலை தொடங்குமுன் வயர்க் குழாய்கள் தெரியும்படி ஒவ்வொரு சுவரையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் இத்தகைய ஐயமே எழாது.

கேள்வி: பல்கலைக்கழகத்துக்கு அருகே வாடகை அறையில் இருக்கிறேன். ஆணியடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ஒட்டும் கொழுக்கிகளை வாங்கினேன். இரண்டு நாளில் சுவர்ப்பூச்சு உரிந்து வந்துவிட்டது. (ஒரு மாணவர், திருநெல்வேலி)

பதில்: ஒட்டும் கொழுக்கி சுவரைப் பற்றுவதில்லை, நிறப்பூச்சைத்தான் பற்றுகிறது. சுண்ணாம்போ டிஸ்ரெம்பரோ அடித்த சுவரில் விரலைத் தேய்த்தால் வெண்பொடி ஒட்டும். அத்தகைய சுவரில் எந்தப் பசையும் நிற்காது. எமல்சன் அடித்த சுவராயின், ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, ஒட்டிய பின்னரும் சில மணிநேரம் கழித்தே பாரமேற்றுங்கள். அப்போதும் கண்ணாடியுள்ள படத்தை அதில் மாட்ட வேண்டாம். உங்கள் அறை பழைய ஓட்டு வீட்டில் இருந்து, சுவரோரமாகக் கூரையைத் தாங்கும் பனைவளையோ தீராந்தியோ தெரிந்தால், அதன் மீது மெல்லிய நைலோன் கயிற்றைச் சுற்றிப் படத்தைத் தொங்கவிடலாம். சுவரில் ஒரு கீறலும் விழாது. புத்தகங்களுக்கு நிலத்தில் நிற்கும் இறாக்கையே போதும். அது உங்கள் தோளுக்கு மேல் உயர்ந்தால், சரியாமலிருக்க மேல்முனையில் ஒரே ஒரு திருகாணி இடுவதற்கு வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள். காரணத்தை எடுத்துச் சொன்னால் பெரும்பாலானோர் மறுக்கமாட்டார்கள்.

கேள்வி: கடற்கரைக்கு மிக அருகில் வசிக்கிறோம். படக் கொழுக்கிகளும் திருகாணிகளும் ஓராண்டுக்குள் கறள் பிடித்துச் சுவரில் செந்நிறக் கோடுகள் வடிகின்றன. சாமிப் படங்களின் பின்புறம் பூஞ்சணமும் வருகிறது. (ஒரு வாசகி, பருத்தித்துறை)

பதில்: உப்புக்காற்று படும் வீட்டில் சாதாரண இரும்புத் திருகாணியையும், மெல்லிய நாகப்பூச்சு மட்டும் உள்ள மலிவான திருகாணியையும் வாங்குவது வீண். துருப்பிடிக்காத உருக்குத் திருகாணியோ பித்தளைத் திருகாணியோ வாங்குங்கள். பித்தளை மென்மையானது, அதனை நேரடியாக முறுக்காமல், அதே அளவுள்ள இரும்புத் திருகாணியை முதலில் முறுக்கி வழி அமைத்து, எடுத்துவிட்டுப் பித்தளையை முறுக்கினால் தலை சிதையாது. கம்பிக்குப் பதில் நைலோன் கயிறு உப்புக்காற்றில் நீடிக்கும்.

பூஞ்சணம் வருவது படத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றோட்டம் இல்லாமையால். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு வரும் மழை வடக்கும் கிழக்கும் பார்த்த சுவர்களை ஊற வைக்கிறது. அந்தச் சுவர்களின் உட்பக்கத்தில் படம் மாட்டாதிருப்பது நல்லது. உள்சுவரில் மாட்டும்போதும் சட்டத்தின் கீழ்மூலைகள் இரண்டிலும் அரை அங்குலத் தடிப்புள்ள றப்பர்த் துண்டுகளை ஒட்டிவிடுங்கள். மாரி தொடங்குமுன் படங்களைக் கழற்றி, பின்பலகையில் கறையான் மண் இருக்கிறதா, கயிறு தேய்ந்திருக்கிறதா, திருகாணி விரலுக்கு அசைகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். சாமியறையில் விளக்கேற்றும் தட்டைப் படத்துக்கு நேர்கீழே பொருத்தாமல் ஓரடியாவது பக்கமாகத் தள்ளிப் பொருத்துங்கள். சுடரின் சூட்டில் சட்டத்தின் பசை இளகுவதோடு, கயிற்றில் மாட்டிய படமானால் அந்தக் கயிறே உருகிவிடக்கூடும். அங்கே மட்டும் நைலோன் வேண்டாம், பித்தளைச் சங்கிலியில் மாட்டுங்கள்.